74,000 என்ற எண் எங்கிருந்து வந்தது? லெங்கோங் சாம்பலும் ஆர்கன் ஐசோடோப்புகளும்



படிவம் 1 வரலாற்றில் வரலாற்றுக்கு முந்தைய காலம் என்ற பாடத்தில் லெங்கோங் பள்ளத்தாக்கு வருகிறது. அங்கே கோத்தா தம்பானில் 74,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர்கள் கற்கருவி செய்தார்கள் என்று படித்திருப்போம். எஸ்.டி.பி.எம். வேதியியல் முதல் தவணையில் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் வருகிறது. மலாய்ப் பாடநூலில் ஸ்பெக்ட்ரோமீட்டர் ஜிசிம் என்று இருக்கும். இந்த இரண்டு பாடத்தையும் நாம் பொதுவாகச் சேர்த்துப் பார்ப்பதில்லை. ஆனால் 74,000 என்ற அந்த எண்ணுக்கு இன்றைக்கு உள்ள மிக உறுதியான ஆதாரம் ஒரு மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் அளந்த ஆர்கன் வாயுதான். அளந்த வாயுவும் கண்ணுக்குத் தெரியாத அளவு கொஞ்சம்.

அந்த அளவீடு எப்படி நடக்கிறது, அதில் வரும் எண் உண்மையில் எதனுடைய வயது என்ற இரண்டு கேள்விகளுக்கும் இந்தக் கட்டுரையில் விடை தேடுவோம். இரண்டாவது கேள்விதான் முக்கியம். அதில்தான் பலர் சறுக்குவார்கள்.

லெங்கோங்கில் என்ன இருக்கிறது?

ஈப்போவிலிருந்து கோலகங்சார் வழியாகக் கிரிக் போகும் சாலையில் சுமார் 100 கிலோமீட்டர் போனால் லெங்கோங். சுண்ணாம்புக் குன்றுகளும் ரப்பர், செம்பனைத் தோட்டங்களும் பேராக் ஆறும் சூழ்ந்த பள்ளத்தாக்கு. 1938இல் ராபிள்ஸ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த எச். டி. காலிங்ஸ் என்பவர் கோத்தா தம்பானில் கற்கருவிகளைக் கண்டெடுத்தார். 1987இல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகப் பேராசிரியர் சுரைனா மஜிட் அங்கே முறையாக அகழாய்வு செய்தார். கருவி செய்யப் பயன்பட்ட அடிகற்கள், சுத்தியல் கற்கள், உடைந்த சில்லுகள் எல்லாம் கிடந்த இடத்திலேயே கிடைத்ததால், இது ஒரு கற்கருவிப் பட்டறை என்று அவர் முடிவு செய்தார்.

அங்கே எரிமலைச் சாம்பலும் இருந்தது. பேராக்கில் எரிமலை ஏது? சாம்பல் வந்தது வட சுமத்ராவின் தோபாவிலிருந்து. லெங்கோங்கிலிருந்து அது 350 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. இன்றைய தோபா ஏரி அந்த வெடிப்பில் விழுந்த பள்ளம்தான். கடந்த 20 லட்சம் ஆண்டுகளில் நடந்த மிகப் பெரிய எரிமலை வெடிப்பு அது. அதன் சாம்பல் வங்காள விரிகுடாவின் அடியிலும், ஆந்திராவின் ஜ்வாலாபுரத்திலும், ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியிலும்கூடக் கிடைத்திருக்கிறது.

சாம்பலின் வயது தெரிந்தால் கருவிகளின் வயதை நெருங்கலாம். இங்கேதான் எண் மாறிய கதை வருகிறது. முதலில் கோத்தா தம்பானுக்கு எழுதப்பட்ட வயது 31,000 ஆண்டு. சாம்பலுக்கு அப்போது தரப்பட்டிருந்த வயதை வைத்துச் சொன்னது அது. பிறகு அது 74,000 என்று திருத்தப்பட்டது. மண்ணும் கல்லும் அப்படியேதான் இருந்தன. சாம்பலை அளந்த முறை மாறியது, வயது இரண்டு மடங்குக்கு மேல் போய்விட்டது.

கார்பன்-14 ஏன் உதவாது?

"பழைய பொருள்னா கார்பன்-14 தானே சார்?" என்று வகுப்பில் கட்டாயம் ஒரு மாணவர் கேட்பார். கார்பன்-14இன் அரைவாழ்வு, அதாவது செபாரு ஹயாட், 5,730 ஆண்டு. 74,000 ஆண்டு என்பது ஏறத்தாழ 13 அரைவாழ்வு. தொடக்கத்தில் இருந்ததில் மிஞ்சுவது 0.013 விழுக்காடு மட்டுமே. அந்த மாதிரியில் இன்றைய கார்பன் வெறும் 1 விழுக்காடு கலந்துவிட்டால் போதும், வயது 38,000 ஆண்டு மாதிரி காட்டும். அதனால் கார்பன்-14 முறை சுமார் 50,000 ஆண்டோடு நின்றுவிடும். தவிர, எரிமலைப் படிகத்தில் உயிர்ப்பொருள் கார்பனே கிடையாது. வேறு கடிகாரம் வேண்டும்.

தனிம அட்டவணையில் ஒரு புதிர்

தனிம அட்டவணையைப் பாருங்கள். ஆர்கனின் அணு எண் 18, சார்பு அணு நிறை 39.95. அடுத்து வரும் பொட்டாசியத்தின் அணு எண் 19, சார்பு அணு நிறை 39.10. அணு எண் கூடும்போது நிறை குறைகிறதே, ஏன்?

பூமியில் உள்ள ஆர்கனில் 99.60 விழுக்காடு ஆர்கன்-40. ஆர்கன்-36 வெறும் 0.33 விழுக்காடு, ஆர்கன்-38 இன்னும் குறைவு. இந்த ஆர்கன்-40 கிட்டத்தட்ட முழுவதும் பாறைகளில் உள்ள பொட்டாசியம்-40 சிதைந்து உண்டானது. பூமியின் 450 கோடி ஆண்டு வரலாற்றில் அது சிறுகச் சிறுக வெளியேறிக் காற்றில் சேர்ந்திருக்கிறது. கனமான ஐசோடோப் குவிந்துவிட்டதால் ஆர்கனின் சராசரி நிறை பொட்டாசியத்தைத் தாண்டிவிட்டது.

இயற்கைப் பொட்டாசியத்தில் பொட்டாசியம்-40 இருப்பது 0.0117 விழுக்காடு. அதன் அரைவாழ்வு 125 கோடி ஆண்டு. சிதையும் அணுக்களில் பெரும்பகுதி கால்சியம்-40 ஆகிவிடும். நூற்றுக்குப் பத்துக்குச் சற்று மேல் ஆர்கன்-40 ஆகும். நம் கடிகாரம் இந்தப் பத்து விழுக்காடுதான்.

பால் மங்குக் கணக்கு

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சுலபமாக விளக்கலாம். பால் மரத்தை வெட்டியதும் காலியான மங்கை வைக்கிறார்கள். பால் ஒரே சீராகச் சொட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். பிறகு மங்கில் எவ்வளவு பால் சேர்ந்திருக்கிறது என்று பார்த்தாலே மரத்தை எப்போது வெட்டினார்கள் என்று சொல்லிவிடலாம்.

தோபா சாம்பலில் சானிடின் என்ற கனிமத்தின் சின்னச் சின்னப் படிகங்கள் இருக்கின்றன. இதில் பொட்டாசியம் அதிகம். எரிமலைக் குழம்பு உருகிய நிலையில் இருக்கும்போது உண்டாகும் ஆர்கன் தப்பிப் போய்விடும். அதாவது மங்கு காலி. வெடித்துக் குளிர்ந்த பிறகு உண்டாகும் ஆர்கன் படிகக் கூட்டுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். வெடித்த நாள்தான் கடிகாரத்தின் சுழியம்.

ஆனால் மங்கில் மழைத் தண்ணீரும் விழுமே? இங்கே மழை என்பது காற்று. காற்றில் 0.93 விழுக்காடு ஆர்கன். அது படிகத்தின் மேற்பரப்பிலும், கருவியின் சுவரிலும், எங்கும் ஒட்டிக்கொண்டிருக்கும். கிராணி மெட்ரோலாக்கை விட்டுப் பார்த்து, எவ்வளவு தண்ணீர் கலந்திருக்கிறது என்று கண்டு, அதைக் கழித்த பிறகுதான் கணக்கு எழுதுவார். இங்கே மெட்ரோலாக் வேலையைச் செய்வது ஆர்கன்-36. பொட்டாசியம் சிதைந்து ஆர்கன்-36 வராது. அது காற்றிலிருந்துதான் வர முடியும். காற்றில் ஓர் ஆர்கன்-36 அணுவுக்கு ஏறத்தாழ 298.6 ஆர்கன்-40 அணுக்கள் உண்டு. ஆகவே அளந்த ஆர்கன்-36ஐ 298.6ஆல் பெருக்கினால் காற்றிலிருந்து வந்த ஆர்கன்-40 எவ்வளவு என்று தெரிந்துவிடும். அதைக் கழித்தால் மிச்சம் படிகத்துக்குச் சொந்தமானது.

எவ்வளவு ஆர்கன் கிடைக்கும்? கணக்குப் போடுவோம்

1 மில்லிகிராம் சானிடின், அதில் 10 விழுக்காடு பொட்டாசியம் என்று கொள்வோம்.

பொட்டாசியத்தின் நிறை 0.0001 கிராம். 39.1ஆல் வகுத்தால் 2.56 × 10⁻⁶ மோல். அவகாட்ரோ எண்ணால் பெருக்கினால் 1.54 × 10¹⁸ அணுக்கள்.

இதில் பொட்டாசியம்-40: 1.54 × 10¹⁸ × 0.000117 = 1.80 × 10¹⁴ அணுக்கள்.

சிதைவு மாறிலி = 0.693 ÷ (1.25 × 10⁹) = 5.54 × 10⁻¹⁰ ஓர் ஆண்டுக்கு. 74,000 ஆண்டில் சிதையும் பங்கு 4.1 × 10⁻⁵. அதாவது 7.4 × 10⁹ அணுக்கள் சிதைந்திருக்கும்.

இதில் 10.5 விழுக்காடு ஆர்கன்-40 ஆனால், கிடைப்பது சுமார் 7.8 × 10⁸ அணுக்கள்.

78 கோடி என்று கேட்கும்போது நிறைய இருப்பது போலத் தோன்றும். இதே எண்ணிக்கை ஆர்கன் அடங்கிய காற்று எவ்வளவு தெரியுமா? ஒரு பக்கம் 0.015 மில்லிமீட்டர் உள்ள ஒரு கனசதுரம். தலைமுடியின் தடிமனைவிடப் பல மடங்கு சின்னது! 74,000 ஆண்டாக அந்தப் படிகம் சேர்த்து வைத்த மொத்த ஆர்கனும் அவ்வளவுதான். அந்த அளவு காற்று உள்ளே புகுந்தாலே, திருத்தம் செய்யாவிட்டால், வயது இரண்டு மடங்காகிவிடும். மிக நுண்ணிய அளவை அளப்பதில் உள்ள சிரமம் இதில் தெரியும். பொருள் குறைவாக இருப்பது ஒரு பக்கம். சுற்றி இருக்கும் அதே பொருள் உள்ளே வராமல் பார்த்துக்கொள்வது இன்னொரு பக்கம்.

ஆய்வகத்தில் என்ன செய்கிறார்கள்?

முதலில் சாம்பலைக் கழுவி, நுண்ணோக்கியின் கீழ் தெளிவான சானிடின் படிகங்களைப் பொறுக்கி எடுக்கிறார்கள். அமிலத்தில் கழுவி மேற்பரப்பைச் சுத்தம் செய்கிறார்கள்.

அடுத்து, படிகங்களை அணு உலையில் வைத்து வேக நியூட்ரான்களைச் செலுத்துகிறார்கள். பொட்டாசியம்-39இல் ஒரு பகுதி ஆர்கன்-39 ஆக மாறும். இது ஏன்? வயது கணக்கிட பொட்டாசியம் எவ்வளவு, ஆர்கன் எவ்வளவு என்று இரண்டும் தெரிய வேண்டும். முன்பெல்லாம் மாதிரியை இரண்டாகப் பிரித்து, தனித்தனியாக அளந்தார்கள். இரண்டு துண்டும் ஒரே மாதிரி இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. 1966இல் மெரிஹ்யூ, டர்னர் ஆகிய இருவரும் விளக்கிய இந்த முறையில், பொட்டாசியத்தின் சார்பாக ஆர்கன்-39 வந்துவிடுகிறது. ஒரே படிகம், ஒரே வாயு, ஒரே கருவி. ஆர்கன்-40க்கும் ஆர்கன்-39க்கும் உள்ள விகிதத்தை அளந்தால் போதும். ஆர்கன்-39இன் அரைவாழ்வு ஏறத்தாழ 270 ஆண்டு என்பதால், அளந்து முடிக்கும்வரை அது பெரிதாகக் குறையாது. வயது ஏற்கெனவே தெரிந்த படிகங்களையும் கூடவே உலையில் வைப்பார்கள். மாற்றம் எவ்வளவு நடந்தது என்று அவற்றை வைத்துச் சரிபார்க்கலாம்.

பிறகு லேசர் கதிரால் படிகத்தை உருக்குகிறார்கள். வெளிவரும் வாயுவில் நைட்ரஜன், ஆக்சிஜன், நீராவி, கார்பன் டைஆக்சைடு எல்லாம் இருக்கும். சூடான உலோகக் கலவை இவற்றை ஈர்த்துப் பிடித்துக்கொள்ளும். ஆர்கன் மந்த வாயு, எதனோடும் வினைபுரியாது. அது மட்டும் மிஞ்சும்.

இனி நம் பாடத்தில் உள்ள படிகள்தான். எலக்ட்ரான்கள் மோதி ஆர்கன் அயனியாகிறது. மின்புலம் அயனிகளை முடுக்குகிறது. காந்தப்புலம் அவற்றை வளைக்கிறது. லேசான அயனி அதிகம் வளையும், கனமானது குறைவாக வளையும். 36 முதல் 40 வரை ஐந்து கற்றைகளாகப் பிரிந்து ஏற்பிகளில் விழும். பாடநூல் படத்துக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. பாடநூல் கருவியில் வெற்றிடப் பம்பு ஓடிக்கொண்டே இருக்கும். இங்கே வாயு உள்ளே போனதும் பம்பை அடைத்துவிடுவார்கள். இருப்பதே 78 கோடி அணு. அதையும் பம்பு உறிஞ்சிவிட்டால் எதை அளப்பது?

படிகம் இல்லாமலும் ஒரு முறை எல்லாப் படியையும் செய்து பார்ப்பார்கள். அப்போது வரும் எண்ணிக்கை கருவியிலிருந்தே வருவது. அதையும் கழிக்க வேண்டும். இன்னொரு பொறியும் இருக்கிறது. ஹைட்ரஜன் குளோரைடு மூலக்கூறின் நிறை 1 + 35 = 36. அது ஆர்கன்-36 போலவே வந்து விழுந்து ஏமாற்றும். நிறை ஒன்றாக இருக்கும் வேறு பொருள் குறுக்கிடுவது எல்லாத் தனிமத்துக்கும் உள்ள தொல்லை. பாதரசத்துக்கு 196, 198, 199, 200, 201, 202, 204 என ஏழு நிலையான ஐசோடோப்புகள் உண்டு. ஈயத்தை அளப்பவர்களுக்கு ஈயம்-204க்கும் பாதரசம்-204க்கும் இதே சண்டைதான். அவர்கள் பாதரசம்-202ஐ அளந்து, அதிலிருந்து 204இன் பங்கைக் கணக்கிட்டுக் கழிக்கிறார்கள். ஆர்கன்-36ஐ வைத்துக் காற்றைக் கழிக்கும் அதே தந்திரம்.

73,880 ± 320

லெங்கோங் பள்ளத்தாக்கு யுனெஸ்கோ உலக மரபுடைமையாக அறிவிக்கப்பட்டது 2012இல். அதே ஆண்டு ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. எழுதியவர்கள் டென்மார்க்கின் ரோஸ்கில்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் ஸ்டோரி, ஆஸ்திரேலியாவின் வொல்லொங்கொங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் ராபர்ட்ஸ், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மொக்தார் சைடின். லெங்கோங்கில் எடுத்த சானிடின் படிகங்களை அளந்து அவர்கள் கண்ட வயது 73,880 ஆண்டு, கூட்டிக் குறைக்க 320. 2014இல் இன்னொரு குழு இதே முறையில் தோபா வெடிப்புக்குக் கண்ட வயது 75,000, கூட்டிக் குறைக்க 900.

இரண்டும் வேறு எண்ணாச்சே, எது சரி? அவசரப்பட வேண்டாம். ± என்பது பிழை செய்துவிட்டோம் என்ற ஒப்புதல் கிடையாது. உண்மை எந்த எல்லைக்குள் இருக்க வாய்ப்பு என்று சொல்லும் அளவு. இங்கே தந்திருப்பது ஒரு திட்ட விலக்கம். சுமார் 68 விழுக்காடு வாய்ப்பு. 95 விழுக்காடு வேண்டுமென்றால் இரட்டிப்பாக்க வேண்டும். முதல் எண்ணின் எல்லை 73,240 முதல் 74,520 வரை. இரண்டாவது 73,200 முதல் 76,800 வரை. இரண்டு எல்லையும் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. ஆகவே முரண்பாடு இல்லை. பாடநூலின் 74,000 இரண்டுக்குள்ளும் அடங்குகிறது.

எதனுடைய வயது?

இப்போது அந்த இரண்டாவது கேள்வி. 73,880 என்பது கற்கருவியின் வயதா? இல்லை. எரிமலை வெடித்து, படிகம் குளிர்ந்த நாளின் வயது. அளந்த படிகங்களை எடுத்த இடமே, சாம்பல் மூடிய கற்கருவிகள் கிடைத்த இடத்திலிருந்து 6 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது.

சாம்பல் வானத்திலிருந்து விழுந்து, அப்படியே கருவிகளை மூடியிருந்தால், கருவிகள் குறைந்தது 74,000 ஆண்டு பழையவை. ஆனால் மழையில் மலைச் சரிவிலிருந்து சாம்பல் அடித்து வரப்பட்டு, பிறகு ஒரு காலத்தில் பள்ளத்தில் மறுபடி படிந்திருந்தால்? படிகத்தின் வயது மாறாது, 74,000 என்றுதான் காட்டும். மூடப்பட்ட கருவி அதைவிட இளையதாக இருக்கலாம். 1967ஆம் ஆண்டு நாணயம் ஒன்று ஒரு குழியில் கிடைத்தால், குழி 1967இல் தோண்டியது என்று சொல்ல முடியுமா? நாணயம் விழுந்தது 1967க்கு முன்பு இருக்க முடியாது, அவ்வளவுதான் தெரியும். நேற்றுகூட விழுந்திருக்கலாம்.

இது வெறும் கற்பனைச் சந்தேகம் இல்லை. 2013இல் வெளியான ஓர் ஆய்வு லெங்கோங்கின் சாம்பல் படிவுகளை அடுக்கடுக்காக ஆராய்ந்தது. அவை நீரால் நகர்த்தப்பட்டு மறுபடி படிந்தவை, காலக்குறியாகப் பயன்படுத்தும்போது கவனம் வேண்டும் என்று அது எச்சரித்தது. மொக்தார் சைடினும் அந்த ஆய்வில் பங்கு பெற்றவர். தங்கள் மண்ணின் பெருமை என்பதற்காகக் கேள்வியை மூடி வைக்கவில்லை. தவிர, கோத்தா தம்பானில் மனித எலும்பு எதுவும் கிடைக்கவில்லை. 1991இல் குவா குனோங் ருந்துவில் கிடைத்த பேராக் மனிதன் ஏறத்தாழ 10,000 ஆண்டுக்கு முந்தையவன். அது வேறு இடம், வேறு காலம். மாணவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

அப்படின்னா பாடநூல் தவறா? இல்லை. தோபா எப்போது வெடித்தது என்பதில் இன்றைக்குப் பெரிய சந்தேகம் இல்லை. கருவிக்கும் சாம்பலுக்கும் உள்ள உறவைத்தான் இன்னும் ஆராய்கிறார்கள். முதலாவது இயற்பியல், வேதியியல் அளவீடு. இரண்டாவது மண்ணை வாசிக்கும் கலை. இரண்டும் சேர்ந்தால்தான் வரலாறு.

கோத்தா தம்பானில் தொல்லியல் காட்சியகம் இருக்கிறது. பள்ளிச் சுற்றுலாவுக்கு அழைத்துப் போகும் ஆசிரியர்கள், வரலாற்று மாணவரோடு வேதியியல் மாணவரையும் சேர்த்து அழைத்துப் போங்கள். காட்சிப் பலகையில் ஓர் ஆண்டுக் கணக்கைப் பார்த்ததும் மூன்று கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: எதை அளந்தார்கள்? எதைக் கழித்தார்கள்? அளந்த பொருளுக்கும் இந்தக் கருவிக்கும் என்ன தொடர்பு?

மாணவர் பயிற்சி

1. ஆர்கன்-36 = 0.334%, ஆர்கன்-38 = 0.063%, ஆர்கன்-40 = 99.604%. நிறை எண்களைக் கொண்டு சார்பு அணு நிறையைக் கணக்கிடுக. அட்டவணையில் உள்ள 39.95உடன் ஏன் சரியாகப் பொருந்தவில்லை?

2. ஒரு மாதிரியில் ஆர்கன்-36 அணுக்கள் 1,000,000. ஆர்கன்-40 அணுக்கள் 498,600,000. படிகத்துக்குச் சொந்தமான ஆர்கன்-40 எவ்வளவு?

3. படிகத்தில் விரிசல் விழுந்து ஆர்கன் கசிந்திருந்தால், கணக்கிட்ட வயது உண்மையைவிடக் கூடுமா, குறையுமா?

விடைக் குறிப்பு

1. 39.99. ஆர்கன்-40இன் துல்லிய நிறை 40 அல்ல, 39.962, நிறை எண்ணுக்குப் பதில் துல்லிய நிறைகளைப் பயன்படுத்தினால் 39.95 வரும்.

2. காற்றின் பங்கு 1,000,000 × 298.6 = 298,600,000. மிச்சம் 200,000,000 அணுக்கள். இந்த மாதிரியில் பாதிக்கு மேல் காற்று என்பதைக் கவனிக்கவும்.

3. குறையும். மங்கில் ஓட்டை விழுந்தால் பால் குறைவாகத் தெரியும்; மரத்தை இப்போதுதான் வெட்டினார்கள் என்று நினைத்துவிடுவோம்.